ராத்திரியில் முகம் தெரியவில்லையா? 8 மெகாபிக்சல் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நீங்கள் எழுதியிருந்த விவரத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். புறநகரில் தனி வீடு. மாடி மூலைகளில் நான்கு 5 மெகாபிக்சல் கேமரா, உள்ளே டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டி. பகலில் படம் பளிச்சென்று இருக்கிறது, எதிர்வீட்டு வாசலில் கோலப்புள்ளியை எண்ணலாம். போன மாதம் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு ஒருவன் கேட் ஏறிக் குதித்து, போர்டிகோவில் நின்ற சைக்கிளைக் கொண்டுபோய்விட்டான். அவன் வந்தது, போனது எல்லாம் பதிவில் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. கேட் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு இழுவை, கிட்டே வந்ததும் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு வெள்ளை வட்டம். கேமரா போட்டுக் கொடுத்தவர், "எட்டு மெகாபிக்சலுக்கு மாத்திடலாம் சார், தெளிவா இருக்கும்" என்கிறார். மாற்றலாமா என்பது கேள்வி.

வேண்டாம். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். பதினான்கு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ராத்திரிப் படம் சரியில்லை என்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் கேமராவை மாற்றாமலே சரிசெய்ய முடிந்திருக்கிறது. மெகாபிக்சலைக் கூட்டி மட்டும் ராத்திரிப் படம் தெளிந்த வீடு ஒன்றுகூட எனக்கு ஞாபகத்தில் இல்லை.

காரணம் எளிது. வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலும் வரும் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, 1/2.8 அங்குலம் என்று சொல்லப்படும் அளவு, சுண்டுவிரல் நகம் மாதிரி. அதில் 2 மெகாபிக்சல் என்றால் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 2.9 மைக்ரான் இருக்கும். அதே நகத்துக்குள் 5 மெகாபிக்சலை அடைத்தால் 2 மைக்ரான், 8 மெகாபிக்சலை அடைத்தால் 1.45 மைக்ரான். பரப்பளவில் பார்த்தால் 8 மெகாபிக்சலின் ஒரு பிக்சலுக்கு 2 மெகாபிக்சலில் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் கிடைக்கும். பகலில் வெயில் கொட்டுகிறது, கால் பங்கே தாராளம். ராத்திரியில் இருப்பதே சொட்டுச்சொட்டாக வருகிறது, அதையும் நாலாகப் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? 1/1.8 அங்குலம் மாதிரி பெரிய சென்சாரில் 8 மெகாபிக்சல் வருகிறது, அது வேறு கதை, விலையும் வேறு. உங்களுக்குச் சொன்ன விலையைப் பார்த்தால் அது பெரிய சென்சார் இல்லை.

அட்டைப்பெட்டியில் 0.005 லக்ஸ் வெளிச்சமே போதும் என்று போட்டிருப்பதையும் நம்பி ஏமாறாதீர்கள். பௌர்ணமி நிலவின் வெளிச்சமே சுமார் கால் லக்ஸ்தான். 0.005-இல் படம் வருவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்து அளந்தார்கள், கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, எவ்வளவு ஏற்றினார்கள் என்று பெட்டியில் எழுதுவதில்லை. அசையாத பூந்தொட்டிக்கு அந்தப் படம் போதும். திருடன் பூந்தொட்டி இல்லை.

முதலில் இன்றைக்கு ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் யாரையாவது அந்த ஆள் வந்த வழியிலேயே கேட்டிலிருந்து போர்டிகோ வரை சாதாரண வேகத்தில் நடந்து வரச் சொல்லுங்கள். போனில் நேரலையாகப் பார்க்காதீர்கள். போன் ஆப் பெரும்பாலும் டேட்டாவை மிச்சப்படுத்த சப்-ஸ்ட்ரீம் என்ற சின்னப் படத்தைத்தான் காட்டும். டி.வி.ஆரை டி.வி.யோடு இணைத்து, பதிவை ஓட்டி, நடப்பவர் முகம் திரும்பும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நேரலையில் நன்றாகத் தெரிவது, நிறுத்தினால் கஞ்சி மாதிரி கரைந்து போகும். கண் பல ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்த்து ஏமாற்றிக்கொள்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்பது ஒரே ஒரு நிறுத்திய படத்தைத்தான்.

அந்தப் படத்தை டி.வி.ஆரில் ஓட்டும்போதே பதிவு அமைப்பில் போய் ரெசல்யூஷனையும் பார்த்துவிடுங்கள். அங்கே '5 மெகாபிக்சல் லைட்' என்றோ '1080என்' என்றோ இருந்தால், கேமரா அனுப்பும் அகலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் பெட்டி எழுதிவைக்கிறது. உயரம் முழுதாக இருக்கும், அகலம் பாதி, போட்டுக் காட்டும்போது இழுத்து நிரப்பிவிடும். விலை குறைந்த டி.வி.ஆர்களில் இது சர்வசாதாரணம். 8 மெகாபிக்சல் கேமரா வாங்கி அதே பெட்டியில் செருகினால் என்ன ஆகும் என்று உங்கள் ஆளையே கேளுங்கள்.

சரி, இப்போது கணக்கு. ஒரு முகத்தைத் தெரியாத ஒருவர் பார்த்து 'இவன்தான்' என்று சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்குக் குறைந்தது 250 பிக்சல் வேண்டும் என்பது சி.சி.டி.வி. துறையில் வைத்திருக்கும் அளவு. ஐ.இ.சி. 62676-4 என்ற தரநிர்ணயத்தில் இருக்கிறது. மனித முகம் சுமார் 16 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால், முகத்துக்கு 40 பிக்சல். உங்கள் கேமராவில் இருப்பது 2.8 மி.மீ. லென்ஸ், சுமார் 100 டிகிரி அகலமாகப் பார்க்கும். கேட் 9 மீட்டர் தூரம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தூரத்தில் படத்தின் அகலம் கிட்டத்தட்ட 21 மீட்டர். 2560 பிக்சலை அதில் பரப்பினால் மீட்டருக்கு 120, முகத்துக்கு 19. வெளிச்சம் பட்டப்பகல் மாதிரி இருந்தாலும் கேட்டில் நிற்கும் அந்நியனின் முகம் உங்கள் கேமராவில் இல்லை. பகலில் தெளிவாக இருக்கிறது என்று நினைத்தது, உங்களுக்குத் தெரிந்த ஆட்களை நடையையும் சட்டையையும் வைத்தே அடையாளம் கண்டதால்தான்.

8 மெகாபிக்சலில் 3840 பிக்சல். அதே லென்ஸ், அதே தூரம் என்றால் முகத்துக்கு 29. அப்போதும் 40 வரவில்லை. ஆனால் இதே 5 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் பார்வை சுமார் 50 டிகிரிக்குச் சுருங்கி, 9 மீட்டரில் படத்தின் அகலம் எட்டரை மீட்டர் ஆகிறது. முகத்துக்கு 48, 49 பிக்சல் வந்துவிடும். நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்: நாலில் ஒரு கேமராவை மட்டும் 6 மி.மீ. ஆக்கி கேட்டுக்கு ஒதுக்குங்கள். மீதி மூன்றும் இப்போது மாதிரியே வீட்டைச் சுற்றி யார் நடமாடுகிறார்கள் என்று அகலமாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நம் ஊரில் கேமரா மாட்டச் சொல்பவர்கள் எல்லாரும் ஒரே கேமராவில் கேட், கார், தெரு, பக்கத்து வீட்டுத் தென்னை மரம் வரை வர வேண்டும் என்பார்கள். மாட்டுகிறவரும் தலையாட்டிவிட்டு 2.8-ஐ மாட்டிவிட்டுப் போவார். எல்லாம் வரும், முகம் தவிர.

உயரமும் ஒரு விஷயம். மாடி மூலையில் 14 அடியில் இருந்து பார்த்தால் கிட்டே வரும் ஆளின் தலை உச்சிதான் தெரியும், தொப்பி போட்டிருந்தால் தொப்பி. கேட் கேமராவை எட்டு, ஒன்பது அடிக்கு இறக்குங்கள். கை எட்டும், உடைத்துவிடுவான் என்ற பயம் நியாயமானது. உடைக்க வருகிறவன் அண்ணாந்து பார்த்துத்தானே ஆக வேண்டும், அந்த முகத்தை மாடியில் இருக்கும் கேமராவும் சேர்த்துப் பிடிக்கட்டும்.

இனி அந்த வெள்ளை வட்டத்துக்கு வருவோம். கேமராவைச் சுற்றியிருக்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அடிக்கின்றன. பெரும்பாலும் 850 நானோமீட்டர், இருட்டில் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். 940 என்று சிவப்பே தெரியாத வகையும் உண்டு, ஆனால் அந்த அலைநீளத்தில் சென்சாருக்கு உணர்திறன் கணிசமாகக் குறைவு, வீச்சும் குறையும். இந்த விளக்குகளின் வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும்: 3 மீட்டரில் இருப்பவன் மேல் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 9 மீட்டரில் இருப்பவன் மேல் விழும். கேட்டுக்குப் போதுமான வெளிச்சம் அடித்தால் போர்டிகோவில் முகம் வெந்துபோகும். போர்டிகோவுக்குக் குறைத்தால் கேட் இருட்டு. உங்கள் படத்தில் ஒரே ஆள் முதலில் சாம்பலாகவும் பிறகு சுண்ணாம்பாகவும் தெரிந்தது இதனால்தான். ஸ்மார்ட் ஐ.ஆர். என்று ஒரு அமைப்பு பல மாடல்களில் உண்டு, கிட்டே ஆள் வந்தால் விளக்கைத் தானாகத் தணிக்கும். அதை ஆன் செய்யுங்கள். அனலாக் கேமராவில் இந்த மெனுவுக்குப் போக ஏணி போட்டு ஏற வேண்டியதில்லை. டி.வி.ஆரில் பி.டி.இசட். பக்கத்தில் போய் மெனு என்று கொடுத்தால் அதே கேபிள் வழியாகக் கேமராவின் மெனு திரையில் திறக்கும். இது தெரியாமலே பத்து வருஷம் கேமரா மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐ.ஆர். வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறது என்றும் பாருங்கள். கேமரா சன்ஷேடுக்கு அடியில் ஒட்டி இருந்தால், வெள்ளை அடித்த அந்தக் கான்கிரீட் பலகை கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி லென்ஸில் கொட்டும். படம் முழுக்கப் பனிமூட்டம் போல ஆகிவிடும். ஒரு சாண் வெளியே இழுத்து மாட்டினால் போதும். படத்தின் ஓரத்தில் பக்கச் சுவர் வந்தாலும் அதே தொல்லை: கேமரா அந்தச் சுவரின் பிரகாசத்தைப் பார்த்து 'வெளிச்சம் போதும்' என்று முடிவுசெய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். சுவர் படத்தில் வராதபடி கொஞ்சம் திருப்புங்கள். செடிகளும் அப்படித்தான். பச்சை இலை ஐ.ஆரை நன்றாகத் திருப்பி அனுப்பும். பகலில் கரும்பச்சையாக இருக்கும் செம்பருத்திப் புதர் ராத்திரியில் பூச்சொரிந்த மாதிரி வெள்ளையாக நிற்கும். கேமராவுக்கு முன்னால் தொங்கும் கிளையை வெட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐ.ஆர். படத்தில் சட்டை நிறத்தை நம்பாதீர்கள். துணியின் சாயம் ஐ.ஆரை உறிஞ்சாவிட்டால் கறுப்புச் சட்டை பளீர் வெள்ளையாகத் தெரியும். உங்கள் பதிவில் அவன் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். புகாரிலும் அப்படியே சொல்லியிருந்தால் போய்த் திருத்திச் சொல்லிவிட்டு வாருங்கள். ராத்திரி இரண்டரை மணிக்குத் திருட வருகிறவன் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளையும் சொள்ளையுமாக வர மாட்டான்.

அடுத்தது அந்தச் சாம்பல் இழுவை. வெளிச்சம் குறையக் குறைய கேமரா தானாகவே ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். நடக்கிற மனிதன் நொடிக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் நகர்கிறான். ஷட்டர் நொடியில் 25-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். 12-இல் ஒரு பங்கு என்றால் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர், முகத்தின் முக்கால் அகலம். கண்ணும் மூக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பும்போது எத்தனை மெகாபிக்சல் இருந்து என்ன? அமைப்பில் 'ஸ்லோ ஷட்டர்' என்று இருந்தால் அதை முதல் வேலையாக அணையுங்கள். ஷட்டரைக் கையால் அமைக்க வழி இருந்தால் 1/50, வெளிச்சம் இருந்தால் 1/100. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த எண்களில் விளக்கொளி படத்தில் பட்டைபட்டையாக ஓடாது. 60 ஹெர்ட்ஸ் அல்லது என்.டி.எஸ்.சி. என்று அமைந்திருந்தால் 50, பி.ஏ.எல். என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிச் செய்தால் படம் இருண்டுபோகும். அதைப் பார்த்துப் பலர் பயந்து பழையபடி மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள். கேமரா கம்பெனிகள் ஸ்லோ ஷட்டரை ஆன் செய்து அனுப்புவதே கடையில் ஆள் இல்லாத காட்சியைப் போட்டுக் காட்டும்போது 'அட, பகல் மாதிரி இருக்கே' என்று நாம் சொல்வதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். கெயினும் அதே ரகம். கெயினை ஏற்றினால் படம் பிரகாசமாகும், கூடவே எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகளை அழிக்க 3டி டி.என்.ஆர். என்ற வசதி அடுத்தடுத்த ஃப்ரேம்களை ஒன்றாகக் கலக்கும். சுவரும் தரையும் வழவழப்பாகிவிடும், நடக்கிறவனுக்கோ பின்னால் ஒரு ஆவி தொடரும். டி.என்.ஆரைப் பாதிக்குக் கீழே வையுங்கள். புள்ளி இருந்தால் இருக்கட்டும், முகத்தை விழுங்காமல் இருந்தால் சரி.

ஆக, ஷட்டரைக் குறைத்தோம், கெயினைக் குறைத்தோம். அந்தக் குறையை நிரப்ப ஒரே வழிதான் இருக்கிறது, வெளிச்சம் போடுவது. இது கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். 'கேமராவே இருட்டில் பார்க்கத்தானே வாங்கினோம்' என்பார்கள். ஆனால் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு ராத்திரி ஏழு முதல் காலை ஆறு வரை, பதினோரு மணி நேரம் எரிந்தால் மாதம் மூன்று யூனிட். நாலு கேமராவை மாற்றும் காசுக்கு அந்தப் பல்பை எத்தனை வருஷம் எரிக்கலாம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பல்பை எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். நம் வீடுகளில் கேட் தூண் மேல் உருண்டை விளக்கு வைப்பது வழக்கம். அது கேமராவின் கண்ணில் நேராக அடிக்கும், அதற்குக் கீழே நிற்கிறவன் நிழலுருவமாகிவிடுவான். விளக்கு கேமராவின் பக்கம் இருந்து கேட்டைப் பார்க்க வேண்டும், அதாவது உள்ளே வருகிறவனின் முகத்தில் விழ வேண்டும். கேமராவுக்கு ஒட்டினாற்போலவும் வேண்டாம், நாலைந்து அடி தள்ளிப் பக்கவாட்டில் இருந்தால் முகத்தில் மேடுபள்ளம் தெரியும், பூச்சியும் லென்ஸுக்கு முன்னால் வராது. தூண் உருண்டையை எடுக்க மனசில்லை என்றால் கேமரா பக்கத்துப் பாதியை மறைத்து, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி ஒரு தொப்பி போடுங்கள். விளக்கு நிரந்தரமாக எரிந்தால் தூக்கம் கெடுகிறது என்று எதிர்வீட்டார் சொன்னால் ஆள் நடமாட்டத்தில் எரியும் சென்சார் விளக்கு வாங்கலாம். எனக்கு அதில் இன்னொரு நன்மையும் தெரிகிறது. திடீரென்று விளக்கு எரிந்தால் எவனும் ஒரு விநாடி அதைத் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு விநாடிதான் உங்களுக்கு வேண்டிய படம்.

தெருவிளக்கு வீட்டு வாசலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளில் எல்லா நிறமும் ஒன்றாகிவிடும். இப்போது பல தெருக்களில் வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி.யில் நிறமும் சரியாக வரும். அந்த வெளிச்சம் போதுமானால் கேமராவை ராத்திரியும் கலரிலேயே நிற்கும்படி அமைத்துப் பாருங்கள். வெளிச்சம் இரண்டுங்கெட்டானாக இருந்தால் கேமரா கலருக்கும் கறுப்பு வெள்ளைக்கும் மாறிமாறிக் குதிக்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஐ.ஆரைத் தடுக்கும் ஃபில்டர் நகரும் 'டிக்' சத்தம் கேட்கும், சில விநாடி படம் தடுமாறும். அப்போது ஏதாவது ஒன்றில் நிலையாக நிறுத்திவிடுவது நல்லது.

'ராத்திரியும் கலர்' என்று விற்கிற கேமராக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றில் மாயம் எதுவும் இல்லை. லென்ஸின் வாய் அகலம்: எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கூடவே ஐ.ஆருக்குப் பதில் ஒரு வெள்ளை எல்.இ.டி. இருக்கும். கேட்டுக்குப் புதிதாகவே கேமரா வாங்குவதாக முடிவெடுத்தால் நான் இந்த வகையைத்தான் சொல்வேன், இரட்டை விளக்கு உள்ளதாக: சாதாரணமாக ஐ.ஆரில் ஓடும், மனிதன் வந்தால் மட்டும் வெள்ளை விளக்கு எரிந்து கலருக்கு மாறும். எப்போதும் வெள்ளை விளக்கு எரிகிற வகை வேண்டாம். ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் ஈசல் கிளம்பினால் நான் சொல்வது புரியும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ராத்திரியில் போனில் முந்நூற்றுச் சொச்சம் எச்சரிக்கை வந்து, காலையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பேய் ஏதாவது நடமாடுதா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் லென்ஸைச் சுற்றி ஈசல் இறக்கை, அதைத் தின்ன வந்த பல்லி இரண்டு.

பூச்சி வந்தால் பின்னாலேயே சிலந்தி. லென்ஸிலிருந்து இரண்டு அங்குலத்தில் ஒரு ஒட்டடை இழை பகலில் கண்ணுக்கே தெரியாது. ராத்திரி ஐ.ஆர். பட்டால் படத்தின் குறுக்கே ட்யூப்லைட் மாதிரி எரியும், காற்றில் ஆடி எச்சரிக்கையும் அடிக்கும். மாதம் ஒரு தடவை ஒட்டடைக் கம்பு போதும், அதற்குப் பெரிய மருந்து ஒன்றும் இல்லை. கண்ணாடியை மட்டும் அந்தக் கம்பால் தேய்க்காதீர்கள். முதலில் புழுதியை ஊதிவிட்டு, ஈரமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் உப்புக்கறை திட்டுத்திட்டாகப் படியும். பகலில் தெரியாத அந்தத் திட்டுகள் ராத்திரி ஐ.ஆரில் பூசணம் பிடித்த மாதிரி தெரியும். டோம் கேமரா என்றால் இன்னும் கவனம், ஒரே கண்ணாடிக் கிண்ணத்துக்குள் விளக்கும் லென்ஸும் இருப்பதால் கிண்ணத்தில் படிந்த தூசி வெளிச்சத்தை உள்ளுக்குள்ளேயே சிதறடிக்கும். வெளிப்புறத்துக்கு நான் குழாய் வடிவ புல்லட் வகையையே போடுகிறேன். அப்புறம், சிரிக்காதீர்கள், கண்ணாடியில் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் காகிதத்தை உரித்தார்களா என்று பாருங்கள். இரண்டு வருஷம் உரிக்காமலே வைத்திருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்க்க போனின் செல்ஃபி கேமரா வழியாக ராத்திரியில் கேமராவைப் பாருங்கள். பல போன்களில் பின் கேமராவில் ஐ.ஆர். தடுப்பு பலமாக இருக்கும், முன் கேமராவில் அவ்வளவு இருக்காது, விளக்குகள் ஊதா வெள்ளையாகத் தெரியும். வருஷங்கள் ஆக ஆக அவற்றின் ஒளி மங்கும், ஒன்றிரண்டு செத்தும் போகும்.

தெருப் பக்கக் கேமராவில் வண்டி நம்பரும் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கேமராவில் முகமும் நம்பரும் சேர்ந்து ராத்திரியில் கிடைக்காது. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் இருக்கும் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், மேலே விழும் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பளபளப்புத் தாள் ஒட்டியது. முகத்துக்கு ஏற்ற அமைப்பில் பிளேட் வெள்ளைப் பலகையாக எரிந்துவிடும். பிளேட்டுக்கு 1/500 மாதிரி ஷட்டர் வேண்டும், அதில் பிளேட்டைத் தவிர மற்றதெல்லாம் கும்மிருட்டு. வேண்டுமானால் அதற்கென்று நீள லென்ஸோடு தனியாக ஒன்று மாட்டுங்கள். ஹெட்லைட் கூச்சத்துக்கு, பளீர் வெளிச்சத்தை மட்டும் தணிக்கும் எச்.எல்.சி. கொஞ்சம் உதவும். வெயிலையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூ.டி.ஆர். பகலில் போர்டிகோவுக்கு நல்லது, ராத்திரியில் அணைத்துவிடுங்கள். இருட்டுப் பகுதிகளை இழுத்துப் பிரகாசமாக்கி இரைச்சலைக் கூட்டுகிறது.

பிட்ரேட்டைப் பற்றி, அதாவது ஒரு நொடிப் பதிவுக்கு ஒதுக்கும் டேட்டாவைப் பற்றி, ஒரு வார்த்தை. ராத்திரியில் புள்ளிகள் மொய்ப்பதால் சுருக்குவது கடினம், பிட்ரேட் போதாவிட்டால் முகம் சதுரம்சதுரமாக உடையும். 5 மெகாபிக்சலுக்கு எச்.265 என்ற சுருக்கும் முறையில் நொடிக்கு 4 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) அளவுக்கு வையுங்கள், ஹார்டு டிஸ்கில் முப்பது நாளுக்குப் பதில் இருபது நாள் நின்றால் நிற்கட்டும். தெளிவில்லாத முப்பது நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியாக வைத்திருக்கும் விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின் நடுவில், கேட் கேமரா ராத்திரியில் மட்டும் அவ்வப்போது அலையடிக்கிறது, சில நாள் சில விநாடி அணைந்து வருகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது கேமராவின் கோளாறு இல்லை, வயரின் கோளாறாகத்தான் இருக்கும். பகலில் கேமரா இழுக்கும் கரண்ட் கொஞ்சம், ஐ.ஆர். எரிந்ததும் இரண்டு மூன்று மடங்காகும். நம் ஊரில் போடுகிற, படமும் கரண்டும் சேர்ந்து போகும் 3+1 கேபிளில் கரண்ட் வரும் கம்பிகள் மெல்லியவை. சுத்தச் செம்பாகவே இருந்து 0.2 சதுர மி.மீ. தடிமன் என்று வைத்தாலும், 40 மீட்டர் தூரத்துக்குப் போகவர 80 மீட்டர், 0.4 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2.7 வோல்ட் போய்விடும். கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 12 வோல்ட் கொடுத்தால் கேமராவுக்கு 9.3. விலை மலிவான கேபிளில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியிருப்பார்கள், இன்னும் மோசம். வோல்டேஜ் இறங்கினால் ஐ.ஆர். மங்கும், படம் அலையடிக்கும், ஒரு கட்டத்தில் கேமரா அணைந்து மறுபடி எழும். பகலில் வந்து பார்க்கிற டெக்னீஷியனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஐ.ஆர். எரியும்போது, கேமரா முனையில் டி.சி. பின் போகும் இடத்தில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பின்னைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். கழற்றினால் கரண்ட் ஓடாது, மீட்டர் 12-தான் காட்டும். பதினொன்றுக்கு மேல் இருந்தால் வயரை விட்டுவிட்டு லென்ஸ், பல்பு வேலைகளைத் தொடங்கலாம். பத்துக்குக் கீழே இருந்தால் முதலில் கேட் கேமராவின் பக்கத்திலேயே தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் வைத்துக் கேமராவுக்குக் கரண்ட் கொடுங்கள், மழை படாத பெட்டிக்குள். அதைச் செய்துவிட்டு அந்த நடை சோதனையை இன்னொரு தடவை ஓட்டி, நிறுத்திய படத்தை எனக்கு அனுப்புங்கள். லென்ஸ் எந்த அளவு வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.